மொன்றியலில் மச்சானுக்கு ஒரு கைத்துப்பாக்கி

திங்கட்கிழமை

ஹூஸ்டனில் இருந்து புறப்பட்ட அன்று காலை என் வலது இடுப்பு காலியாக இருந்தது. பல ஆண்டுகளாக அந்த இடத்தில் ஒரு கைத்துப்பாக்கி குடியிருக்கிறது. என் பெற்றோல் நிலையத்தில் இரண்டு தடவை கொள்ளைக்காரர்கள் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிய பிறகு, டெக்சாஸ் மாநிலத்தில் முறைப்படி அனுமதி எடுத்து வைத்திருக்கிறேன். சட்டைக்கு மேலே தெரியாது. கனடாவுக்குள் அதைக் கொண்டுபோக முடியாது என்பதால் வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வந்தேன்.

2008 பெப்ரவரி. மொன்றியலில் என் தங்கை வசந்தி, அவளுடைய கணவன் ரவி, மகள் அபி மூவரும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் இருக்கிறார்கள். ரவிக்கு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலை. அவர்களை ஹூஸ்டனுக்கு அழைக்க நான் எப்போதோ போட்ட ஸ்பொன்சர் இப்போதுதான் பலித்திருக்கிறது. நானும் இரண்டாவது பெற்றோல் நிலையம் ஒன்றை வாங்கியிருந்தேன். அதை நம்பிக் கொடுக்கச் சொந்தத்தில் ஓர் ஆள் தேவை. ரவிக்கும் வர விருப்பம். ஒரே ஒரு தயக்கத்தைத் தொலைபேசியில் சொன்னார்: "மச்சான், நீங்கள் இடுப்பிலை வைச்சிருக்கிற மாதிரி ஒண்டை எனக்கும் பாத்துத் தெரிஞ்சு தாங்கோ. பேந்து நான் பயமில்லாமல் வாறன்."

துப்பாக்கி தெரிவுசெய்வதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அதற்காகவே ரிக்கற் போட்டேன். கோடைக்கு ஏற்ற இரண்டு சட்டையைத் தூக்கிக்கொண்டு மொன்றியல் குளிருக்குள் போய் இறங்கினேன்.

நெவார்க்கில் விமானம் மாறி, டோர்வலில் இறங்கியபோது மாலை நாலரை. வெளியே மைனஸ் பதினெட்டு. வசந்தி ஓடி வந்து இரண்டு கையாலும் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு என் வலது இடுப்பைத் தட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணை, இண்டைக்கு ஒண்டும் இல்லையோ?"

"எல்லையிலை விடுவாங்களே? வீட்டிலை பூட்டிப்போட்டு வந்தனான்."

"நல்லது" என்று மட்டும் சொன்னாள். விமான நிலையத்தில் இருந்து அவர்கள் வீடு பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை. வீதியின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி குவித்துக் கிடந்ததால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை

ரவிக்கு அந்த வாரம் விடுமுறை. சமையலறை மேசையில் இடியப்பத்தையும் சொதியையும் வைத்துக்கொண்டு என் அனுபவத்தை அவருக்கு அவிழ்த்துவிட்டேன். நான் முதலில் வாங்கியது பெரியது. சுடுவதற்கு அருமை, ஆனால் இரண்டே வாரத்தில் இடுப்பு கன்றிப்போய் வீட்டில் விட்டுவிட்டேன். வீட்டில் இருக்கும் துப்பாக்கியால் கடையில் என்ன பயன்? அடுத்து, உள்ளங்கைக்குள் மறையும் அளவில் மிகச் சிறியது ஒன்று. சின்ன விரலுக்குப் பிடிக்க இடமில்லை. சுடும்போது மணிக்கட்டில் மாடு உதைத்த மாதிரி இருந்தது. மூன்றாவதுதான் சரிவந்தது: ஒன்பது மில்லிமீற்றர், குண்டுகள் ஒரே வரிசையில் அடுக்கும் மெல்லிய வகை, அகலம் ஓர் அங்குலத்துக்குள், ஹூஸ்டனில் நானூற்று முப்பது டொலர்.

"மறைக்கிறதுக்கு நீளம் பெரிசில்லை ரவி, மெலிவுதான் முக்கியம். கைப்பிடி கட்டையா இருக்கோணும், அதுதான் சட்டைக்குள்ளாலை துருத்துறது. துணியிலை கொழுவுற மாதிரி வெளியிலை ஒண்டும் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. அதோடை நல்ல உறையும் தடிச்ச பெல்ற்றும். உறைக்குக் காசு பாக்கிறவன் துவக்கே வாங்கக்கூடாது."

ரவி பாடம் கேட்கும் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். வசந்தி சொதியை அகப்பையால் கலக்கிக்கொண்டே இருந்தாள். கலக்க வேண்டிய தேவை அந்தச் சொதிக்கு இருக்கவில்லை.

கையில் பிடித்துப் பார்க்காமல் துப்பாக்கி தெரிவுசெய்ய முடியாது. வாங்காவிட்டாலும் அளவாவது பார்ப்போம் என்று நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையால் முப்பது கிலோமீற்றர் கிழக்கே போய், வேட்டைச் சாமான் விற்கும் ஒரு கடைக்குள் நுழைந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவை எல்லாமே நீளக் குழாய்க் கைத்துப்பாக்கிகள். கடைக்காரர் வெள்ளை மீசை வைத்த கியூபெக் மனிதர். ரவி பிரெஞ்சில் கேட்க, அவர் விரலை இடவலமாக ஆட்டினார்.

"என்னவாம்?" என்றேன்.

"குழாய் நூற்றைஞ்சு மில்லிமீற்றருக்கு மேலை இருந்தால்தான் விக்கலாமாம். சின்னன் எல்லாம் தடையாம்."

"நல்ல சட்டம்! பெரிசு வைச்சிருக்கலாம், சின்னன் கூடாதோ?"

ரவி அதையும் மொழிபெயர்த்தார். கடைக்காரர் சிரித்துவிட்டு, பெரியதையும் பூட்டுப் போட்டு வீட்டில் இருந்து சுடும் கழகத்துக்கும் கழகத்தில் இருந்து வீட்டுக்கும் மட்டும் கொண்டுபோகலாம், இடுப்பில் செருகுவது வங்கிக்குக் காசு ஏற்றும் வண்டிக் காவலர்களுக்குத்தான் என்று விளக்கினார். நான் டெக்சாசில் தினமும் செருகுவதாகச் சொன்னேன். சாப்பிடப் போகும்போதுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்றேன். அவர் மரியாதையாக மீசையைத் தடவிக்கொண்டார். அது பாராட்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதன்கிழமை

கடை கைவிட்டால் நான் கைவிடுவேனா? நிலக்கீழ் அறையில், குளியலறைக்குப் பதித்து மிஞ்சிய மாபிள் துண்டுகள் கிடந்தன. என் துப்பாக்கியின் அளவு எனக்கு மனப்பாடம். இரண்டு துண்டை அந்த அளவுக்கு வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கறுப்பு ஒட்டு ரேப்பால் இறுக்கச் சுற்றினேன். சமையலறைத் தராசில் அறுநூறு கிராமுக்குக் கிட்ட வந்தது.

"இதுதான் உம்மடை பிஸ்ரல். ஞாயிறு வரைக்கும் இடுப்பிலை இருக்கட்டும். இதோடை சீவிக்க ஏலுமெண்டால் அதோடையும் சீவிக்கலாம்."

ரவி சந்தோசமாக வாங்கிச் செருகிக்கொண்டார். வசந்தி பார்த்துவிட்டு, "குளியலறையிலை பதிச்சதை இடுப்பிலையும் பதிச்சாச்சு" என்றாள்.

வியாழக்கிழமை

ரவி காரில் ஏறினால் மாபிளின் மூலை வயிற்றில் குத்தியது. சற்றுப் பின்னுக்குத் தள்ளச் சொன்னேன். பனி தள்ளக் குனிந்தால் முதுகில் குத்தியது. பெல்ற்றை இறுக்கச் சொன்னேன். பால் வாங்க டெபனர் என்ற மூலைக்கடைக்கு நடந்தபோது, "இப்ப ஒருத்தன் முன்னாலை வாறான், எடும் பாப்பம்" என்றேன். ரவி கையுறையைக் கழற்றி, கோட்டின் சிப்பை இழுத்து, சுவெற்றரைத் தூக்கி, சட்டையைத் தூக்கி மாபிளைத் தொடுவதற்குள் வரவேண்டிய கள்ளன் பாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். இருவரும் வீதியில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

"ஹூஸ்டனிலை கோட்டும் இல்லை, சுவெற்றரும் இல்லை" என்றேன். மாலைக்குள் ரவிக்குப் பழகிவிட்டது. இடுப்பில் இருப்பதே மறந்துபோகிறது என்றார். எனக்கு அது வெற்றியாகப் பட்டது. இரண்டாவது நிலையத்தின் சாவியை மனத்துக்குள் அவர் கையில் கொடுத்தும்விட்டேன்.

வெள்ளிக்கிழமை

மாலையில் சென்-ரெஜி வீதியில் உள்ள முருகன் கோயிலுக்குப் போனோம். வசந்தி எங்களை வாசலில் இறக்கிவிட்டு அபியோடு கார் நிறுத்த இடம் தேடிப் போனாள். உள்ளே நுழைந்ததும் சப்பாத்துக்கு ஓர் இடம், கோட்டுக்கு நீளமான கொழுவித் தடி. நூறு கோட்டு தொங்கினால் எண்பது கறுப்பு.

நம் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது இத்தனை திட்டம் போட்ட எனக்கு அந்த நிமிடம்வரை நினைவுக்கு வரவில்லை. ரவி வழக்கம்போலச் சட்டையைக் கழற்றினார். வெறும் மேலோடு நின்ற மனிதனின் இடுப்பில், கறுப்பு ரேப் சுற்றிய மாபிள் பளிச்சென்று நின்றது.

பக்கத்தில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் அதை இடுப்புப் பிடிப்புக்குக் கட்டியது என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். "என்ன ரவி, நாரிப்பிடிப்போ?"

"ஓம் அண்ணை, கொஞ்சம்."

"காந்தம் வைச்ச சாமானோ? எனக்கும் நாரி நோ. எங்கை வாங்கினனீர்?"

ரவியின் காது சிவந்துவிட்டது. இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒளித்து வைப்பதற்கென்று தெரிவுசெய்த சாமானை அரை மண்டபமே பார்த்தாயிற்று. நான் அவர் காதுக்குள் சொன்னேன்: "நான் கோயிலுக்குப் போனால் காரிலை விட்டிட்டுப் போறனான். இப்ப கார் இல்லை. கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சு சிப்பை இழுத்துவிடும்." ரவி போய் அப்படியே செய்துவிட்டு வந்தார்.

பூசை நன்றாக நடந்தது. வெளியே வந்து கோட்டை மாட்டிக்கொண்டு கார்வரை நடந்த பிறகுதான் ரவி பொக்கற்றுக்குள் கை விட்டார். வெளியே வந்தது சின்னஞ்சிறு சிவப்புக் கையுறை ஒன்று. குழந்தையினுடையது.

கோட்டு அதே நிறம், அதே அளவு, அதே கடை. ஆனால் ரவியின் கோட்டு இல்லை. உள்ளே ஓடிப்போய்த் தேடினோம். கொழுவித் தடியில் மிச்சம் இருந்த எதிலும் மாபிள் இல்லை. வசந்தி கோயில் மேசையில் தங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு வந்து காரை எடுத்தாள். முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணை, அது உண்மையான துவக்கெண்டால் இப்ப எங்கை இருக்கும்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் எல்லாப் பதிலும் இருந்தது. ஆனால் ரவி அந்தச் சிவப்புக் கையுறையை இன்னும் கையில் வைத்திருந்தார்.

சனிக்கிழமை

காலையில் கர்க்லாண்டில் இருந்து ஒருவர் அழைத்தார். அவசரத்தில் கோட்டை மாற்றி எடுத்துவிட்டாராம், மன்னிக்க வேண்டுமாம். பத்து நிமிடத்தில் அங்கே போய்விட்டோம். சிவா என்று பெயர், முப்பத்தைந்து வயது இருக்கும். தேத்தண்ணி தந்தார். கோட்டையும் தந்தார்.

"பொக்கற்றுக்குள்ளை என்னவோ பாரமாக் கிடந்ததாம். நான் எழும்ப முதலே மகள் எடுத்துப்போட்டாள். கட்டு முழுக்க அவிட்டிட்டாள். பெறுமதியான சாமானோ?"

கம்பளத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். சுற்றியிருந்த ரேப் முழுவதும் அவள் முழங்காலடியில் சுருண்டு கிடந்தது. இவ்வளவு இறுக்கச் சுற்றியதை எப்படித்தான் அவிழ்த்தாளோ! மாபிள் ஒன்றின்மேல் பொம்மை படுத்திருந்தது. மற்றதில் பேனாவால் ஒரு வீடு கீறியிருந்தாள். தகப்பன் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும், "சே தா முவா" என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். தன்னுடையதாம்.

ரவி அவள் முன்னால் முழங்காலில் இருந்தார். சிவப்புக் கையுறையை அவள் கையில் மாட்டிவிட்டார். "வைச்சிருங்கோ அம்மா" என்றார்.

திரும்பும் வழியில் சென்-ஜோன் வீதியோரம் காரை நிறுத்தினார்.

"மச்சான், நாங்கள் வரேல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாபிள் துண்டுக்காகவா என்று கேட்டேன். உறையோடு சேர்த்துக் கழற்ற வேண்டும், காருக்குள் பூட்டுப் பெட்டி வைக்க வேண்டும், பொதுக் கொழுவியில் ஒருநாளும் விடக்கூடாது என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். சொன்னது ஒவ்வொன்றும் சரி. ரவி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி மச்சான். ஆனால் நான் பிழை விடுவன். நேற்று விட்டனான்தானே? நீங்களும் பக்கத்திலைதான் நிண்டனியள். இஞ்சை நான் பிழை விட்டால் கோட்டு மாறும், காலமை ஒருத்தர் ரெலிபோன் எடுப்பார்."

"துவக்கில்லாமல் வாருமன். பகலிலை மட்டும் நில்லும்."

"அந்தக் கடையிலை துவக்கில்லாமல் நிக்கேலாது எண்டு எனக்குச் சொன்னதே நீங்கள்தானே?"

நான் பின்னால் திரும்பினேன். பின் இருக்கையில் வசந்தி அழுதுகொண்டிருந்தாள். நிம்மதியில் அழுதாளா, இனி அண்ணனும் தங்கையும் ஒரே ஊரில் இருக்கப்போவதில்லை என்று அழுதாளா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டாவதுதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை

டோர்வலில் வசந்தி மறுபடியும் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தாள். நெடுநேரம் விடவில்லை.

"இந்தக் கிழமைதான் அண்ணை உங்களைக் கட்டிப்பிடிக்கேக்கை ஒண்டும் குத்தேல்லை" என்றாள்.

ஹூஸ்டனில் இறங்கியபோது வெயில். மொன்றியலில் நாலு உடுப்புப் போட்டவர்கள் வீட்டுக் கதவைப் பூட்டாமல் டெபனருக்குப் போய்வருகிறார்கள். இங்கே ஒரு சட்டையோடு திரிகிறோம், பூட்டு மூன்று. என் துப்பாக்கித் தெரிவில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. இந்த ஊருக்கும் என் தொழிலுக்கும் அதைவிடச் சரியானது கிடையாது. மறுநாள் நிலையத்தைத் திறக்க வேண்டும். வீட்டுக்குள் போனதும் பெட்டகத்தைத் திறந்து, குண்டுகளைச் சரிபார்த்து, வலது இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பயணம் எப்படி என்று கேட்டபடி மனைவி சமையலறையில் இருந்து வந்து என்னை அணைத்தாள். துப்பாக்கி அவள்மேல் படாமல் இடது பக்கத்தைக் காட்டிச் சற்றுத் திரும்பி, ஒரு கையால் அவளை அணைத்தேன். இத்தனை ஆண்டுகளாக அப்படித்தான் திரும்புகிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளும் பழக்கத்தில் என் இடது பக்கமாகவே வந்திருந்தாள்.