ரிக்‌ஷா ஓட்டி வந்த தாத்தா

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இப்போது நினைத்த நேரத்தில் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். பெயரைச் சொன்னால் உடனே அதன் பாட்டொன்றை முணுமுணுக்காதவர்கள் குறைவு. கதாநாயகியின் கண்ணீருக்காகப் பார்ப்பவர்கள் உண்டு, பாட்டுக்காகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கோ படம் தொடங்கி எழுத்து ஓட ஆரம்பித்ததும் சலவைத்தூள் வாசனை அடிக்கும். சில சமயம் தும்மல்கூட வந்துவிடும். என் கணவர் இதை நம்புவதில்லை.

அம்மா அப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் சலவைத்தூள் செய்யும் கம்பெனி ஒன்றில் பாக்கெட் போடும் வேலையில் இருந்தார். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அந்த வாசனையும் கூடவே வரும். முடி, புருவம், புடவை மடிப்பு என்று எங்கு தட்டினாலும் தூள் பறக்கும். அப்பாவுக்குத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. அவர் மேல் மீன் வாசனை. முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் இந்த இரண்டு வாசனைகளும் தினமும் சண்டை போட்டுக்கொள்ளும். எது ஜெயித்தது என்று எனக்கும் தம்பிக்கும் கடைசிவரை தெரியவில்லை.

எங்களிடம் தொலைக்காட்சி இல்லை, சைக்கிள் இல்லை. ஆனால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தது. எங்கள் தாத்தா சினிமாவில் நடித்திருந்தார்.

அம்மாவின் அப்பா புதுச்சேரியில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர். அம்மா பிறப்பதற்கு முந்தைய வருஷம் அந்தப் படத்துக்காகக் கடற்கரைச் சாலைக்கு வந்தவர்கள், ஓரமாக நின்றிருந்த ரிக்‌ஷாக்காரர்களில் அவரைக் கூப்பிட்டு, கதாநாயகியை ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்களாம். அவ்வளவுதான் அவர் நடிப்பு. அம்மாவுக்கு ஒன்றரை வயதானபோது மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது. வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படமும் ஒரு புயல் மழையில் கூரையோடு போயிற்று. ஆகவே அம்மாவுக்குத் தன் அப்பாவின் முகம் தெரியாது. அம்மாவைவிட ஏழு வயது மூத்த மாமாவுக்குத் தெரியும். அவர் ஒன்பது வயதில் கனகசெட்டிக்குளத்துப் பக்கம் ஒரு கூடாரக் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்திருந்தார். தாத்தா எப்படி வருவார், எப்படி இறங்குவார், எப்படிச் சலாம் வைப்பார் என்று மாமா சொல்லும்போது அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிடுவார்.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை என்பதுதான் விசித்திரம். தொலைக்காட்சியில் இரண்டு முறை போட்டார்கள். முதல் முறை பக்கத்து வீட்டுக்குப் பார்க்கப் போனோம். படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் மின்சாரம் போயிற்று. இரண்டாம் முறை அம்மாவுக்கு ஷிப்ட். மாமா மட்டும் பார்க்கலாம் என்று ஒரு கடை வாசலில் போய் நின்றவர், எழுத்து ஓடும்போதே சவாரி வந்ததால் ஆட்டோவை எடுத்துவிட்டார்.

பள்ளியில் எனக்குப் பக்கத்தில் ஒரு சொல்தா வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மெடல் குத்திய சட்டையோடு அவர் நிற்கும் படத்தை ஒருநாள் கொண்டுவந்து வகுப்பு முழுக்கக் காட்டினாள். பொறுக்க முடியாமல், “எங்க தாத்தா சினிமா ஆக்டரு” என்றேன். என்ன வேஷம் என்று கேட்டாள். “கதாநாயகிக்கு ரொம்ப வேண்டியவரு” என்று சொல்லி வைத்தேன். ரிக்‌ஷாக்காரர் இல்லாவிட்டால் கதாநாயகி எப்படி வீடு போய்ச் சேர்ந்திருப்பாள்? ஒரு வகையில் அது பொய்யும் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், முழுப் பரீட்சை முடிந்த விடுமுறையில், மாமா ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

“யம்மாடி, அப்பா படம் வந்திருக்குது! தியேட்டர்ல! ஒரு வாரம் காலைக் காட்சி போடுறானாம். இப்பத்தான் போஸ்டரு பாத்துட்டு வர்றேன்.”

அம்மா லீவு கேட்டுப் பழகாதவர். கம்பெனியில் லீவு கேட்டால் வேலையை விட்டே நின்றுகொள்ளச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். அதனால் தம்பிக்குக் காய்ச்சல் என்று சூப்பர்வைசரிடம் பொய் சொன்னார். அம்மா பொய் சொல்லி நான் அறிந்தது அந்த ஒரு முறைதான். காய்ச்சல்காரத் தம்பி புதுச் சட்டை போட்டு, பவுடர் பூசி, ஆட்டோவில் ஓரத்து இடம் தனக்குத்தான் என்று அடம்பிடித்துக்கொண்டு வந்தான்.

மாமா எங்களைத் தியேட்டர் வாசலில் இறக்கிவிட்டார். அவருக்கு ஒரு சவாரி இருந்தது. “இன்டர்வெல்லுக்கு அப்புறம்தான் அப்பா வருவாரு. அதுக்குள்ள நான் வந்துடறேன். நீ பதறாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளே ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். மின்விசிறி ஒன்று கடகடத்துக்கொண்டிருந்தது. விளக்கணைந்து திரையில் வெளிச்சம் விழுந்ததும் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் நான் தியேட்டரில் பார்த்த முதல் படம். மனித முகம் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு இருக்க முடியும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கதாநாயகி கண்ணை மூடித் திறந்தால் இமை முடி ஒவ்வொன்றும் என் கை நீளம் இருந்தது. அவள் அழுதால் அந்தக் கண்ணீர் எங்கள் குடத்தில் பாதியை நிரப்பும்.

அரை மணி நேரம் போயிருக்கும். தம்பி நெளிந்தான். “யம்மா, ஒண்ணுக்கு” என்றான். அம்மா அடக்கச் சொன்னார். அவன் அடக்குகிற ரகம் இல்லை.

“இன்டர்வெல்லுக்கு அப்புறம்தான் தாத்தா வருவாருன்னு மாமா சொன்னாரே. நீ கண்ண எடுக்காம பாத்துக்கினு இரு. இதோ வந்துடறேன்” என்று அவனை இழுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவர்கள் வெளியே போனதும் திரையில் கடல் வந்தது. நம் ஊர்க் கடற்கரை. பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நான் பார்த்திருந்த கடற்கரையில் கரிய பாறைகள்தான் கொட்டிக் கிடக்கும். இங்கே மணல் இருந்தது! அகலமாக, வெள்ளை வெளேரென்று மணல். அதன்மேல் ஓடிவந்து விழும் அலை. என் ஊருக்குள்ளேயே இன்னோர் ஊர் இருந்திருக்கிறது, அதை என்னிடமிருந்து எல்லாரும் மறைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சாலையில் ஒரு ரிக்‌ஷா வந்தது.

கதாநாயகி இறங்கினாள். ஓட்டி வந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வியர்வையில் பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. திரும்பினார். ஒரு பக்க உதடு மட்டும் மேலே ஏறச் சிரித்து, நெற்றியில் கைவைத்துச் சலாம் போட்டார். அது என் தம்பியின் சிரிப்பு. தம்பிக்கு மீசை வைத்து, சுவர் உயரத்துக்கு நிறுத்தியது போல் இருந்தது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. “யம்மா” என்று திரும்பினேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தபோது ரிக்‌ஷா போய்விட்டது. கதாநாயகி பாட ஆரம்பித்திருந்தாள்.

பாட்டு முடிகிற நேரத்தில் அம்மா வந்தார். குனிந்து, “வந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அம்மா சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொரு தெருக் காட்சிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரன், பால்காரன், போலீஸ்காரன் என்று யார் வந்தாலும் உற்று உற்றுப் பார்த்தார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது அடி வாங்குவதைவிட மோசமாக இருந்தது. இடைவேளை விளக்கு எரிந்ததும் அழுதுவிட்டேன்.

“வந்துட்டாரும்மா. நீ தம்பியக் கூட்டிக்கினு போனப்ப வந்துட்டாரு.”

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. “எப்பிடி இருந்தாரு?” என்று மட்டும் கேட்டார்.

“தம்பி மாரியே இருந்தாரு.”

அந்த நேரம் மாமா வந்து சேர்ந்தார். விஷயம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். கூடாரக் கொட்டகையில் ஒரே ஒரு மெஷின். ரீல் மாற்றுவதற்காகப் படத்தை மூன்று நான்கு தடவை நிறுத்தி இடைவேளை விடுவார்கள். அவர் பார்த்தது முதல் இடைவேளைக்கு அப்புறம். ஒன்பது வயதில் பார்த்ததை ஒரு எழுத்து பிசகாமல்தான் சொல்லியிருந்தார்.

அம்மா வெளியே நடந்தார். பின்பக்க இரும்புப் படியில் ஏறி ஆபரேட்டர் அறை வாசலில் போய் நின்றார். நாங்களும் பின்னால் ஏறினோம். உள்ளே நரைத்த மீசைக்காரர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா? இங்கெல்லாம் வரக்கூடாது.”

“சார், அந்த ரிக்‌ஷாக்காரரு வர்ற எடத்த இன்னொரு தபா போடுவீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “ஈரோ வர்ற எடம் கேப்பாங்க, பாட்டு கேப்பாங்க. ரிக்‌ஷாக்காரன் வர்ற எடமா?”

“அவரு எங்கப்பா சார். நான் மூஞ்சியே பாத்ததில்ல. போட்டோகூட இல்ல.”

ஆபரேட்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “ரீல நானா திருப்பிப் போட்டா மேனேஜர் எம்மேல பாய்வாரும்மா” என்றவர், மீசையைத் தடவிக்கொண்டே, “ஜனம் கேட்டா வேற விஷயம். ஜனம் ஒன்ஸ் மோர் கேட்டா அவரும் ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். படம் தொடங்கிவிட்டது. அம்மா கூட்டத்தில் வாய் திறக்கிற மனுஷி இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால்கூடப் பேசாமல் வாங்கி வருகிறவர். எழுந்திருக்கப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். மாமா வாயெடுத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார். நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்.

“ஒன்ஸ் மோர்! ரிக்‌ஷாக்காரர் ஒன்ஸ் மோர்!”

எல்லாரும் திரும்பினார்கள். முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “யாருமா அது? இப்ப இன்னா வந்துச்சுன்னு ஒன்ஸ் மோர் கேக்குற?” என்று அதட்டினார். தியேட்டருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்: “அந்த ரிக்‌ஷாக்காரர் எங்க தாத்தா! எங்கம்மா அவர பாத்ததே இல்ல! நான் மட்டும் பாத்துட்டேன்!”

ஒரு நொடி கதாநாயகியின் விம்மல் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெரியவரே எழுந்து, கைத்தடியால் நாற்காலியைத் தட்டி, “ஒன்ஸ் மோர்!” என்றார். பின் வரிசையில் ஒருவர் விசிலடித்தார். அப்புறம் யார் என்று சொல்ல முடியாது. ஐம்பது அறுபது பேரும் ஐந்நூறு பேர் மாதிரி கத்தினார்கள். முறுக்கு விற்றவர் தட்டைத் தட்டினார். ஒரு சாதாரண ரிக்‌ஷாக்காரருக்காக இப்படி ஒரு ஆரவாரம் எந்த ஊரிலாவது எழுந்திருக்குமா என்று தெரியவில்லை.

கதாநாயகி பாதி வசனத்தில் நின்றாள். திரை இருண்டது. மேலே எதையோ கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்டது. ஒருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த மணல், அந்த அலை, அந்தக் கலங்கரை விளக்கம்.

ரிக்‌ஷா சாலையின் முனையில் புள்ளியாகத் தெரிந்தபோதே அம்மா எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒருவர்கூட உட்காரச் சொல்லவில்லை. அந்த மனிதர் இறங்கினார், துண்டை அவிழ்த்தார், துடைத்தார், திரும்பினார். திரை வெளிச்சம் அம்மாவின் முகமெல்லாம் கொட்டியது. அப்பா என்று அலறுவார் என நினைத்தேன். மாமா அலறினார், அம்மா அலறவில்லை. மதியம் வெயிலில் விளையாடிவிட்டு வரும் தம்பியைப் பார்ப்பது போல, தலையை ஒரு பக்கம் சாய்த்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், “எப்பிடி வேர்த்து ஊத்துது பாரு புள்ளைக்கு” என்றார்.

அம்மா பதற்றத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன். தாத்தாவைப் போய் யாராவது பிள்ளை என்பார்களா? அவருக்கு அந்தப் படத்தில் இருபத்தாறு வயது, அம்மாவுக்கு அன்று முப்பத்தைந்து என்பதெல்லாம் அப்போது என் தலையில் ஏறவில்லை. முந்தானையைப் பிடித்து இழுத்து, “புள்ள இல்லம்மா, அது தாத்தா” என்று திருத்தினேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. முந்தானையை என் கையிலிருந்து மெல்ல உருவி, எதையோ துடைக்கப் போகிறவர் மாதிரி கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, திரையை நோக்கி ஓரடி நகர்ந்தார்.