ஞானப்பல்லும் அரக்கு நூலும்

“1969 ஜூலை 4, வெள்ளி. காலை ஆறரை. வாயில் தார்க்குச்சி ஒன்றுதான் நுழைகிறது.”

என் குறிப்பேட்டில் இருக்கும் வரி இது. தார்க்குச்சி என்பது குறுக்கிழையான ஊடைநூலைச் சுற்றி, தறியில் இங்கும் அங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் மெல்லிய குச்சி. நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவன். வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்க வேறு கருவி என்னிடம் இல்லை. நல்ல நாளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எட்டுக் குச்சிகள் நுழையும்.

வலி அந்த வாரத் திங்களன்று தொடங்கியது. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைசிப் பல்லுக்கும் பின்னால், புதிதாக ஏதோ முட்டிக்கொண்டு வருவதுபோல. எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஞானப்பல் (கடைசியாக முளைக்கும் கடைவாய்ப்பல்) பற்றி நூலகத்தில் படித்திருந்தேன். படித்ததால் பயம் குறையவில்லை. பல்லைப் பிடுங்கும் குறடு எப்படி இருக்கும் என்பதையும் அங்கேதான் படித்திருந்தேன்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். சுகமாக இருந்தது. அதோடு நின்றிருக்கலாம். புதன்கிழமை, ஈறுக்கடியில் சோற்றுப்பருக்கை சிக்கியதுபோல் உறுத்தியது. பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) பிணைக்கும்போது மிஞ்சிய அரக்கு நிறப் பட்டுநூலை முறுக்கி, பல்லிடுக்கில் விட்டு இழுத்தேன். எங்கள் தெருவில் பலரும் செய்வதுதான். நூல் பாதியில் அறுந்தது. மறுபாதி எங்கே போனதென்று தெரியவில்லை.

வியாழன் காலை துப்பியபோது சிவப்பாக வந்தது.

“இன்னாங்க இது, ரத்தமா வருது!” என்றாள் என் மனைவி சரோஜா.

“ரத்தம் இல்ல, நூல் சாயம்” என்றேன். அப்படித்தான் இருக்க வேண்டுமென்று விரும்பினேன். ரத்தமென்றால் டாக்டர், டாக்டரென்றால் குறடு. அன்று முழுவதும் கன்னத்தில் சூடான உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு தறியிலேயே இருந்தேன். வீக்கம் தாடைக்கு இறங்கியது.

வெள்ளியன்று, குறிப்பேட்டில் அந்த வரியை எழுதி முடித்த சிறிது நேரத்தில், சரோஜாவின் அண்ணன் கன்னியப்பன் ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்தார். எங்கள் நூலுக்குச் சாயம் போடுபவர் அவர்தான். சரோஜா நடந்ததைச் சொன்னாள். சாயம் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“இன்னா மாப்ள, நான் போட்ட செவப்பு உன் எச்சில்ல போவுதா? ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கியா? சரோஜா, வெந்நீ கொண்டாம்மா!”

அதே நூலில் ஒரு பிடியைப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, உப்பும் போட்டார். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் நிறம் மாறவே இல்லை. கிண்ணத்தின் அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.

“பாத்துக்கோ! கண்ணாடி மாதிரி இருக்குது. வாயத் தொறந்து சொல்லு இப்போ.”

என்னால் திறக்க முடியவில்லை. அவர் சிரிப்பு நின்றது. “அப்போ அது ரத்தம்தான்பா. ஏறு சைக்கிள்ல.”

சரோஜாவும் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். டாக்டர் கன்னத்தை ஒதுக்கி விளக்கைப் பிடித்து, ஈறைக் கொஞ்சம் கீறிக் கழுவினார். “பல் பாதிதான் வெளியே வந்திருக்கு. மேலே ஈறு தொப்பி மாதிரி மூடியிருக்கு. உள்ளே சீழ்.” இடுக்கியில் நகத்தளவு நூல் வந்தது. அரக்கு நிறம் அப்படியே இருந்தது.

“சீழ்ல ஊறியும் போவல பாத்தியா!” என்றார் கன்னியப்பன்.

“பிடுங்கப் போறீங்களா?” என்று பல்லைக் கடித்தபடியே கேட்டேன்.

“வாயே திறக்கல, எங்கேருந்து பிடுங்கறது? வீக்கம் முதல்ல வடியணும். எச்சில் விழுங்க முடியலன்னா, நாக்குக்கு அடியில வீங்கினா, உடனே தூக்கிட்டு வந்துடுங்க. மூச்சை அடைச்சிடும்.” கடைசி வாக்கியத்தை என்னிடம் சொல்லவில்லை. சரோஜாவைப் பார்த்துச் சொன்னார்.

பென்சிலின் (கிருமிகளைக் கொல்லும் மருந்து) ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்ததும் காய்ச்சல் ஏறியது.

அதன்பின் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் இயலாது. விடிகாலையில் தெருவில் பாவு இழுத்துக் கட்டுவார்கள். அது எங்கள் வாசலில் நுழைந்து, என் தாடை வழியாகப் போய், பின்கட்டைத் தாண்டி எங்கோ நீண்டுகொண்டிருந்தது. யாரோ அதன்மீது கஞ்சி தெளித்தார்கள். குளிர்ந்த துளிகள் கன்னத்தில் விழுந்தன. வலி இருந்தது, ஆனால் தெருக்கோடியில் நிற்கும் வேறொருவனுக்கு வலிப்பதுபோல. நான் எண்ணியதெல்லாம் இழைகளை மட்டும்தான். நடுநடுவே சரோஜாவின் குரல்: “முழுங்குங்க. ஒரு தரம் முழுங்குங்க.” விழுங்கினேன். குரல் தூரம் போனது. மீண்டும் வந்தது.

இதே வலியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு டம்ளர் இளஞ்சூட்டு நீரில் அரை ஸ்பூன் உப்பு, சாப்பிட்ட பிறகெல்லாம் கொப்பளியுங்கள். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு வைக்கலாம், அதிகமானால் ஈறு வெந்துவிடும். வெளியே ஈரத்துணி போதும், சூட்டு ஒத்தடம் வேண்டாம் என்றார் டாக்டர். வலி மாத்திரையை ஈறில் வைக்காதீர்கள். நூல், ஊசி, துரும்பு எதையும் ஈறுக்கடியில் விடாதீர்கள். வாய் திறக்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் அத்தோடு முடிந்தது.

குறிப்பேடு ஜூலை 7, திங்களன்று மறுபடி தொடங்குகிறது: “குச்சி மூன்று. கஞ்சி குடித்தேன்.” ஜூலை 28 அன்று பல்லைப் பிடுங்கினார்கள். மரத்துப்போன தாடையில் இழுப்பு மட்டுமே தெரிந்தது. நான் பயந்த அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இப்போதும் எச்சில் விழுங்கும்போது சில சமயம் நின்று கவனிக்கிறேன். யாரும் சொல்லாமலேயே தொண்டை அந்த வேலையைச் செய்கிறது.

5, 6 தேதிகளின் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. காய்ச்சல் சனிக்கிழமை சாயங்காலமே விட்டது, ஞாயிறு முழுக்க விழித்திருந்து தன்னோடு பேசிக்கொண்டிருந்தேன் என்கிறாள் சரோஜா. ஞாயிறு இருட்டும்வரை கண்ணே திறக்கவில்லை என்கிறார் கன்னியப்பன். எனக்கு எதுவும் நினைவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்ததா, இல்லையா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.