ஜெயித்த குதிரை

மலைக் கோடை விழாவில் மகளைக் குதிரைமேல் ஏற்றிவிட்டேன். அதன் வியர்வையில் அப்பாவின் சட்டை வாடை அடித்தது.

அப்பாவுக்குச் சென்னையில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை. அவர் பார்த்துக்கொண்ட பெண்குதிரை ஓடிய பந்தயமெல்லாம் ஜெயித்தது. ஊருக்கு வந்தால் அதே பேச்சுதான்.

ஒரு பொங்கலில், எருதுவிடும் விழாக்களில் ஜெயித்து இப்போது கிழடாகிவிட்ட காளையைக் குளிப்பாட்டியபடி மாமா கேட்டார்.

"ஜெயிச்ச மாட்ட நாங்க சாவுற வரைக்கும் வூட்ல வெச்சிப் பாக்கறோம். உங்க குதிர இப்ப இன்னா பண்ணுது மச்சான்?"

"கால் வீங்கினதும் வித்துட்டாங்க. பீச்சுல புள்ளைங்கள ஏத்தினு சுத்துது."

காளையைப் பார்க்க முடியாமல் அப்பா தலைகுனிந்தார். எனக்கும் முகம் சுண்டிப்போனது.

"இதுவும் ரேஸ்ல ஜெயிச்சதுதாங்க" என்றார், விழாவில் மகளை ஒரு சுற்றுச் சுற்றிக் கூட்டிவந்த குதிரைக்காரர், பெருமையாக.

"அம்மா, இன்னொரு ரவுண்டு!"

குதிரையின் முகத்தைப் பார்க்காமல் மகளை இறக்கினேன்.