ஐந்து அரிசியும் ஒரே அரிசி

சவூதியில், ஜுபைலில் கேம்ப் ஆட்களுக்கு மெஸ் நடத்தினேன், உப்புத் தண்ணீரில் சோறு வேகாது என்று எல்லாரும் சொன்ன இடத்தில். ஊரில் மாடி வீடு கட்டினேன். கொத்தனார் போட்ட படிக்கட்டு சரியில்லை என்று நானே மாற்றிப் போட வைத்தேன், இன்றுவரை அதில் ஒருவரும் விழவில்லை. தங்கைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். பிறகு அமீரகத்துக்கு வந்து, மலைப் பக்கத்து ஊர் ஒன்றில், பழைய டயர் கடையைப் பிடித்து மளிகைக் கடை ஆக்கினேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் உணவு அட்டை விஷயத்துக்கு வர வேண்டும். ஏனென்றால் அதையும் நான்தான் செய்தேன்.

அரசாங்கம் தன் மக்களில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்க ஓர் அட்டை கொடுத்திருந்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் செல்லுபடியானதைச் சின்னக் கடைகளுக்கும் திறந்துவிட்டார்கள். அட்டை தேய்க்கும் மெஷின் வேண்டுமானால் ஒரு நிபந்தனை. தானியம் ஒரு பிரிவு, மீன், கறி, முட்டை, பருப்பு ஒரு பிரிவு, பால் ஒன்று, காய்கனி ஒன்று. ஒவ்வொரு பிரிவிலும் ஆறு வகை, சோதனைக்கு வரும் அதிகாரி நுழைகிற நேரத்தில் கடைத் தட்டில் இருக்க வேண்டும். சோடா, சிப்ஸ், ஊறுகாய் கணக்கில் வராது.

எங்கள் கடைக்கு எதிரே சூப்பர் மார்க்கெட் வந்து, அதில் மெஷினும் வந்த பிறகு, அரபு வீட்டு வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். கடை லைசென்ஸ் கபீலின், அதாவது எனக்கு ஸ்பான்சரான அரபுக்காரரின், பெயரில் இருந்தது. ஒரு நாள் அவர் வந்து உட்கார்ந்தார். "மெஷின் வந்தா கடை. வரலைன்னா கலாஸ், முடிஞ்சுது. என் மருமகன் இங்க மொபைல் கடை வைப்பான்" என்று அரபியும் இந்தியும் கலந்து சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் சொன்னார்.

கடையில் என்னோடு இருந்தவன் என் மனைவியின் தம்பி. எனக்குப் பயமே இல்லை என்று அவனிடம் சொன்னேன். தானியத்துக்கு அரிசி மட்டுமே ஐந்து வகை இருந்தது: பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி, மட்டை, பாஸ்மதி. கோதுமை மாவையும் சேர்த்தால் ஆறு. பருப்பிலும் ஆறு.

அதிகாரி இளம் வயது அரபுக்காரர், இந்தி பேசுவார். ஐந்து மூட்டையையும் வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்.

"பாய், சப் சாவல். ஏக் நம்பர்."

எல்லாம் அரிசி, ஒன்றுதான் கணக்கு என்கிறார். இட்லி அரிசியில் பிரியாணி செய்து பாருங்கள், பிறகு ஒன்று என்று சொல்லுங்கள் என்றேன். "நீ செஞ்சு கொண்டு வா, சாப்பிடுறேன். அப்பவும் ஒண்ணுதான்" என்றார். பருப்பு ஆறும் ஒன்றாயிற்று. கருவாட்டை மோந்து பார்த்து, பேனாவை மூடினார். இன்னும் ஒரு தடவை வருவேன், என்றைக்கு என்று சொல்ல மாட்டேன், அதிலும் தேறாவிட்டால் இந்த வருஷம் கிடையாது என்றார்.

நான் அசரவில்லை. அப்பளக் கட்டையும் முறுக்கையும் இறக்கிவிட்டு ஓட்ஸ், சேமியா, மக்காச்சோளம், குபூஸ் ரொட்டி ஏற்றினேன். பால் தட்டில் லபன் என்ற மோர், லப்னே என்ற கெட்டித் தயிர், சீஸ் எல்லாம் வந்தன. பக்கத்து லேபர் கேம்ப் ஆட்கள் லப்னேயைத் தொட மாட்டார்கள். அவர்களுடைய மெஸ்காரனைப் பிடித்துக் கெடுவதற்கு முதல் நாளே அவனிடம் தள்ளிவிட்டேன். அவன் அதில் தண்ணீர் ஊற்றித் தயிர் சாதம் போட்டான். சுரைக்காய் மாதிரி இருக்கும் கூசாக் காயைச் சாம்பாரில் போட்டான். யாரும் செத்துப் போகவில்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. தட்டில் வகை குறையக்கூடாது என்பதால், கடைசி வாழைச் சீப்பு, கடைசி முட்டை அட்டை எதையும் விற்க முடியாது. வந்தவர்களை "மாஃபி, மாஃபி" என்று திருப்பி அனுப்பினேன், சாமான் அவர்கள் கண் முன்னே இருக்கும்போதே.

"அத்தான், இது கடையா மியூசியமா?"

"வாயை மூடு மாப்ளே. மெஷின் வரட்டும்."

அதிகாரி வந்த அன்று காலையில் வெள்ளரிக்காய் அழுகியிருந்தது, தூக்கிப் போட்டேன். காய்கனி சரியாக ஆறில் நின்றது, வாழைப்பழத்தையும் சேர்த்து. புதுச் சரக்கு வண்டி மத்தியானம்தான் வரும். நான் உள்ளே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஹாரன் அடித்தது.

இங்கே அரபு வீட்டார் கடைக்குள் வருவதில்லை. காரில் இருந்தபடியே ஹாரன் அடிப்பார்கள், கடைக்காரன் ஓட வேண்டும். மாப்பிள்ளைக்குப் பல வருடப் பழக்கம். ஹாரன் கேட்டால் மூளைக்கு முன்னால் கால் ஓடும். பக்கத்துத் தெரு ஹஜ்ஜியா, ஹஜ் போய் வந்த பாட்டி, மகன் ஓட்ட, காரில் வந்திருந்தார். "மோஸ்! யல்லா!" என்றார். வாழைப்பழம். இவன் இருந்த ஒரே சீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் நீட்டிய பெரிய நோட்டுக்குச் சில்லறை எடுக்க, நோட்டை வாங்காமலே திரும்பி ஓடி வந்தான். அவனுக்குப் பின்னாலேயே அதிகாரி நுழைந்தார்.

மற்ற மூன்று பிரிவும் தேறின. காய்கனியில் ஐந்து.

"பாஞ்ச்" என்றார்.

நான் காருக்கு ஓடினேன். "ஹஜ்ஜியா, மோஸைத் திருப்பிக் குடுங்க, அஞ்சு நிமிஷம்."

"என்னத்துக்கு? உன் கடைக்கு வயிறு பசிக்குதா?"

எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன்: மெஷின் வராவிட்டால் கடை இல்லை, கடை இல்லாவிட்டால் நீங்கள் ஹாரன் அடித்தால் மொபைல்காரன் வருவான். அவர் கதவைத் திறந்து இறங்கினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காலடி என் கடைக்குள் பட்டது. சுற்றிலும் பார்த்து, "இவ்வளவு சின்னதா!" என்றார். சீப்பைத் தட்டில் வைத்தார்.

அதிகாரி, விற்ற பொருளை எண்ண முடியாது என்றார்.

"சார், காசு வரவில்லை. நோட்டு அவர் கையில்தான் இருக்கிறது. காசு வராத சாமான் கடைச் சாமான்" என்றேன்.

ஹஜ்ஜியா நோட்டை அதிகாரியின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். அரபியில் நீளமாக ஏதோ சொன்னார். அதிகாரியுடைய அம்மாவைத் தனக்குத் தெரியும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அதிகாரி நோட்டைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார். "சே" என்று இந்தியில் சொல்லி எழுதினார். ஆறு.

மெஷின் வந்தது. கடை நிற்கிறது. கபீல் தன் வீட்டு மஜ்லிஸில், விருந்தாளிகள் முன்னால், தான் ஒரு போன் போட்டதால் கிடைத்தது என்கிறார். ஹஜ்ஜியா தன்னால் என்கிறார், தெரு முழுக்க. மாப்பிள்ளை ஊருக்கு லீவில் போய், தான் நோட்டை வாங்காமல் ஓடிவந்த புத்திசாலித்தனத்தால் என்று என் மனைவியிடமே சொல்லியிருக்கிறான், அவளும் நம்பிவிட்டாள்.

போன் போட்டது யாருக்கு என்று கபீல் சொல்லட்டும். ஹஜ்ஜியா இறங்கி வந்தார், மறுக்கவில்லை. இறங்கச் சொன்னது யார்? காசு வராத சாமான் கடைச் சாமான் என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது? மெஷினுக்கு மேலே சுவரில் கபீல் படம் மாட்டியிருக்கிறார்கள். இருக்கட்டும், லைசென்ஸ் அவருடையது. அதற்குக் கீழே என் படத்தையும் மாட்டி, இந்த மெஷினைக் கொண்டுவந்தவர் என்று தமிழிலும் அரபியிலும் எழுத வேண்டும். மாப்பிள்ளை லீவு முடிந்து வந்ததும் முதல் வேலை அதுதான்.