அணுகுண்டு விழுந்த நான்காவது மணி நேரம்

முதலில் பாவமன்னிப்பு. உலகப் போரே வந்தாலும் நான்கு மணி நேரத்தில் சமாளித்து மறுபடி வேலையைத் தொடங்கிவிடுவோம் என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்ட மடையன் ஒருவன் இந்தப் பெங்களூரில் இருக்கிறான். அடியேன்தான்.

வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் உங்களைப் படுத்துவது போக, பகலில் எனக்கு ஓர் உத்தியோகம் உண்டு. ஓசூர் ரோடு பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மற்றவர்கள் புரோகிராம் எழுதுவார்கள். அது என்ன செய்கிறது என்று நான் இங்கிலீஷில் எழுதுவேன். எனக்கும் புரியாது. அது வேறு கதை.

ஆறு மாதமாக எல்லையில் இரண்டு பக்கமும் பட்டாளம் நிற்கிறது. டி.வி.யில் எந்த ஏவுகணை எந்த ஊர் வரைக்கும் வரும் என்று மேப்பில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். பெங்களூர் வட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா? திரையில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். சத்தியமாக.

“துவரம்பருப்பு ரெண்டு கிலோ சேத்து வாங்கிப் போட்டுடட்டுமா?” என்றாள் மனைவி.

இந்த நிலைமையில்தான் அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய எங்கள் கிளையன்ட் பயணத்தை ரத்து செய்தார். அவருக்குப் பதிலாக ஒரு படிவம் வந்தது. ஆபத்து ஏதாவது வந்தால் வேலையை எப்படித் தொடர்வீர்கள் என்று ஐம்பது கேள்விகள். ஒழுங்காக நிரப்பி அனுப்பினால்தான் அடுத்த வருட ஒப்பந்தம். இல்லாவிட்டால் எங்கள் டீமில் பதினான்கு பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

“நீதான் எழுத்தாளனாச்சே!” என்று மேனேஜர் அதை என் தலையில் கட்டினார்.

மின்வெட்டு வந்தால்? ஜெனரேட்டர் ஓடும். தீப்பிடித்தால்? எல்லோரும் பார்க்கிங் மரத்தடியில் கூடவேண்டும், அட்டெண்டன்ஸ் எடுக்கப்படும். மழை வெள்ளம், பந்த், வேலைநிறுத்தம்... ஜோராகப் போய்க்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றாவது கேள்வி: போர் (உலகப் போர், அணு ஆயுதப் போர் உட்பட). எத்தனை மணி நேரத்தில் மறுபடி வேலை தொடங்கும்?

மணி நேரமாம்!

டீ குடித்துவிட்டு வந்து யோசித்தேன். தீவிபத்துக்கு என்ன எழுதியிருந்தேன்? நான்கு மணி நேரம். அதையே காப்பி செய்து இங்கேயும் ஒட்டினேன். கூடவே மரத்தடியும் ஒட்டிக்கொண்டது. ஆக, அணுகுண்டு விழுந்ததும் நாங்கள் மரத்தடியில் வரிசையாக நின்று அட்டெண்டன்ஸ் கொடுப்போம்.

மாற்று இடம்? மேனேஜரின் மைத்துனருக்கு, ஓசூர் ரோட்டிலேயே இன்னும் தெற்கே இருக்கும் சந்தாபுராவில், மாடியில் ஒரு ஹால் காலியாக இருந்தது. எழுதினேன். பெங்களூரில் விழுகிற அணுகுண்டு சந்தாபுராவுக்கு வராதா என்ன? என் கணக்கில் அது ஓசூர் ரோடு டிராஃபிக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

வாகனம்? ‘சுமோ ஒன்று, டிரைவருடன்.’

அத்தியாவசிய ஊழியர்கள்? சுமோவில் டிரைவர் போக ஏழு பேர் உட்காரலாம். ஆகவே அத்தியாவசியமானவர்கள் ஏழு பேர். முதல் பெயர் யாருடையது என்று கேட்காதீர்கள். எல்லாம் முடிந்த பிறகும் யாராவது ஒருவன் எழுதி வைக்கவேண்டாமா?

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பட்டியலை உரக்கப் படித்தேன். ஒரே கலாட்டா.

“சார், என்னை டாப்ல கட்டிட்டுப் போங்க, லக்கேஜோட!”

“எனக்கு ஜன்னலோர சீட்டு வேணும்ப்பா. குண்டு போடறத யார் பாக்கறது?”

முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. வேலூர்ப் பக்கத்துப் பையன், பட்டியலில் நான்காவது பெயர். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னான்:

“எந்தம்பி ராஜஸ்தான் பார்டர்ல இருக்கான் சார். கடைசியா ஃபோன்ல, கோதுமை வெளையற நெலத்துல கண்ணிவெடி பொதச்சிக்கிட்டு இருக்கோம்னான். இருவது நாளாச்சு. அப்பறம் ஃபோனே இல்ல.”

நான் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்து, தயிர்சாதத்தை உள்ளே தள்ளி மூடிக்கொண்டேன்.

படிவம் போய்ச் சேர்ந்தது. மறுநாளே பதில். எல்லாம் பிரமாதமாம். ஒரே ஒரு திருத்தம்: “முப்பத்தொன்றில் நான்கு மணி நேரம் என்பது அதிகம். இரண்டாகக் குறைக்க முடியுமா?”

குறைத்தேன். நாலை அழித்து ரெண்டு. ஒரு விரல் வேலை.

மூணாவது உலகப் போர் வருமா சார் என்று உங்களில் பலர் கடிதம் போட்டிருக்கிறீர்கள். என்னைப் போய்! இத்தனை நாள் வராது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் வியாபாரம், அவன் கம்ப்யூட்டரை நாம் ஓட்டுகிறோம், நம் பனியனை அவன் போடுகிறான்... எவன் கெடுத்துக்கொள்வான்? தவிர, போரை ஆரம்பிக்க ஒரு பைத்தியக்காரன் வேண்டுமே?

வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. நான் பைத்தியமில்லை. ரேஷன் கார்டு உண்டு, ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. நானே கை நடுங்காமல் நாலை ரெண்டாக்கினேன். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஓர் ஆபீஸில், என்னைப்போல் ஒருத்தன் இதே மாதிரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பான். ஏவுகணை கிளம்ப எத்தனை நிமிடம்? பத்து என்று எழுதுவான். அதிகம், ஐந்தாக்கு என்று மேலிடம் சொல்லும். ஆக்குவான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பான். டீ குடிக்கப் போவான். அவன் கையில் ரத்தம் இருக்காது. இங்க்தான் இருக்கும்.

சரி, எங்கள் ரெண்டு மணி நேரக் கதைக்கு வருகிறேன். குண்டு விழாத சாதாரண நாளிலேயே சந்தாபுரா போக ஒன்றரை மணி நேரம் ஆகிறது. “டிரைவர்கிட்ட இன்னிக்கே சொல்லி வெச்சிடு” என்றார் மேனேஜர்.

டிரைவர் லாரன்ஸ், பார்க்கிங்கில் சுமோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காக்ஸ் டவுன்காரர். சர்ச்சுக்குப் பின்னால் வீடு. மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். நாங்கள் சந்தாபுராவுக்குப் போகவேண்டியது தெற்கே. காக்ஸ் டவுன் வடக்கே. படிவம் நிரப்பும்போது இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

“லாரன்ஸ், சண்டை வந்து நம்ம ஊர்ல குண்டு விழுந்திருச்சுன்னு வெச்சுக்கங்க...”

“வெச்சிக்கினேன் சார்.”

“உடனே வண்டிய வாசலுக்குக் கொண்டாந்துடணும். ஏழு பேரு. ரெண்டு மணி நேரத்துல சந்தாபுரா.”

பட்டியலை நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“உங்க மேடம் பேரு காணமே சார்?”

எனக்குச் சுருக்கென்றது. துவரம்பருப்பு ஞாபகம் வந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்ல லாரன்ஸ்!” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பட்டியலை நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தார்.

“வண்டி வந்துடும்ல?” என்றேன்.

“அன்னிக்கு வண்டி காக்ஸ் டவுனுக்குத்தான் போவும் சார்.”