காதில்லாத காதணி பேனர்

என் காதணி விழா பேனரை மாமாவிடம் ஒப்படைத்ததுதான் எங்கள் குடும்பம் செய்த பெரிய தப்பு. மடியில் வைத்துக் காது குத்துவதும் தெருமுனையில் பேனர் வைப்பதும் தாய்மாமன் உரிமை. எங்கள் கல்மண்டபம் பகுதியில் அதில் யாரும் தலையிட முடியாது. என் தாய்மாமனோ ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தவர்.

ஆறு வயதில் நான் கேட்டது அதிகமில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டி ஸ்டுடியோவில் எடுத்த என் படம், பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி, பக்கத்தில் ஒரு புலி. வகுப்பு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

விழா அன்று காலையில் கட்டிய பேனரில் ஒரே ஒரு கறுப்புக் கோடுதான் இருந்தது. அது வளைந்து நெளிந்து ஒரு குழந்தையாகியிருந்தது. முழங்காலை மடக்கி, தலையைக் குனிந்து, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருக்கும் குழந்தை. கண் இல்லை, மூக்கு இல்லை. கீழே கொட்டை எழுத்தில் என் பெயர்.

“இன்னாடா இது? கொயந்த மூஞ்சி எங்க கீது?” என்றாள் அம்மா.

“கோட்டோவியம்க்கா. கையெடுக்காம ஒரே கோட்ல வரைஞ்சது” என்றார் மாமா.

அம்மாவோடு காசிமேட்டில் மீன் விற்கும் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “காது குத்துற பேனர்ல காதே காணோமே, நைனா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இது நான் இல்ல. நான் எப்ப இப்டி குந்திகினு இருந்தேன்?” என்று கத்தினேன். மாமா அப்பாவைப் பார்த்தார்.

அப்பா விசைப்படகில் போகிறவர். கரைக்கு வந்தால் அவருக்கும் அம்மாவுக்கும் தினமும் சண்டை. அப்போதெல்லாம் நான் பீரோவுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்வேன். எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேனரைக் கிழிக்கச் சொல்லி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவிழ்க்கப் போனவர்களையும் “கெடக்கட்டும், வுடு” என்று தடுத்துவிட்டார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அப்பா கடலுக்குப் போகும்வரை, நாலு நாள், வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் மாமாமேல் அவ்வளவு கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு நன்றாக வேண்டும் என்று எனக்குப் பரம திருப்தி.