ஜன்னல் வேண்டாம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா எங்களைச் சுற்றுலாக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனார். சும்மா போய்விடவில்லை. கடலே தெரியாத ரூம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, அதை வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்பதுதான் அந்தப் பள்ளி விடுமுறை முழுக்க என் மண்டையைக் குடைந்த கேள்வி.

டிக்கெட் எடுக்க பிரிக்பீல்ட்ஸுக்குப் போனது அப்பாவும் அத்தையும் நானும். அத்தை அப்பாவுக்கு அக்கா. தனக்கென்று பால்கனி வைத்த ரூமே எடுத்துவிட்ட மகராசி. அம்மா வரவில்லை. அம்மாவுக்குக் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் நைட் ஷிப்ட், பகலில்தான் தூங்குவார். தூங்குவார் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம், அவ்வளவுதான். எங்கள் வீடு கடைவரிசைக்கு மேல்மாடியில். கீழே சேலைக்கடையில் நாளெல்லாம் பாட்டு, எதிரே லோரியிலிருந்து சாமான் இறக்கும் சத்தம். வெயில் நேராகக் கட்டிலில் வந்து விழும். நான் பூனை மாதிரிப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தால்கூட, மூடியைச் சரியாக மூடு என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

டிக்கெட் ஏஜென்சியில் இருந்த அக்கா நல்லவர். "அங்கிள், ஜன்னல் வச்ச ரூமும் இப்ப அதே விலைதான் லா" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அப்பாவோ ஜன்னல் வேண்டாம், உள்ரூமே கொடுங்கள் என்றார். அதோடு விட்டாரா? கப்பலின் படத்தை விரிக்கச் சொல்லி, லிஃப்ட் எங்கே, ஆட்டம் பாட்டம் நடக்கிற இடம் எங்கே என்று துருவித் துருவிக் கேட்டு, எல்லாவற்றுக்கும் தள்ளி நடுவில் கிடந்த ஒரு பொந்தைப் பிடித்தார். கதவுக்கு அடியில் வெளிச்சம் வருமா என்று கேட்டபோது அந்த அக்காவே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அத்தைக்கு வந்ததே கோபம். "கடலைப் பாக்கத்தானேடா கப்பல்ல போறோம்? நீ என்ன சார்டின் மீனா, டின்னுக்குள்ள போறதுக்கு?" என்றார். வேண்டும்போது வெளியே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா முணுமுணுத்ததோடு சரி.

வீடு திரும்பும் ரயிலில் யோசித்தேன். கஞ்சத்தனமா? விலை ஒன்றுதானே. கடலைக் கண்டால் பயமா? லீவு நாளில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு துறைமுகப் பக்கம் போகிறவருக்கா பயம்?

கப்பலில் ஏறியதும் அந்த ரூமைத் தலைகீழாகப் புரட்டினேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், அலமாரியில் பார்த்தேன். ஒரு திரைச்சீலைகூடத் தொங்கியது. ஆசையாக விலக்கினால் பின்னால் வெறும் சுவர். விளக்கை அணைத்தால் மூக்குக்கு முன்னால் ஆட்டும் கை தெரியாது. அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, வடக்கு எது? எங்கள் வீட்டில் யாரையும் வடக்கே தலைவைத்துப் படுக்க விடமாட்டார். அப்பா கண்ணிமைக்காமல் ஒரு சுவரைக் காட்டி அதுதான் வடக்கு என்றார், தலையணையை எதிர்ப்பக்கம் போட்டார். அம்மா படுத்தார். அவ்வளவுதான், ஆள் காலி.

என்னிடம் பள்ளியில் பரிசாகக் கிடைத்த திசைகாட்டி ஒன்று இருந்தது. டார்ச்சை விரலால் பொத்திக்கொண்டு பார்த்தேன். கப்பல் திரும்பத் திரும்ப முள்ளும் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வடக்கு நேரே அம்மாவின் தலைமாட்டுக்கு வந்து நின்றது. இரும்புக் கப்பலுக்குள் அந்த முள்ளை நம்பக்கூடாது என்று அப்போது யார் கண்டது? பதறிப்போய் அம்மாவை எழுப்பக் கையை நீட்டினேன். அப்பா என்னை அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

"எழுப்பிடாதம்மா. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

அப்பா என்னிடம் கெஞ்சி அன்றுதான் பார்த்தேன். உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜன்னல் இருந்தால் சூரியனைப் பார்த்து அம்மா திசையைக் கண்டுபிடித்துவிடுவார். அதற்குத்தான் உள்ரூம்! அப்பாவின் தந்திரத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் கப்பல் புக்கெட் தீவில் நின்றது. எல்லோரும் இறங்கினோம், அம்மாவும் அப்பாவும் இறங்கவில்லை. அம்மா எழுந்திருக்கவே இல்லை. அப்பா ரூமுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டு, துப்புரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை எல்லாம் கையைக் காட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். தூங்குவதற்கா கப்பலில் வந்தாள் என்று அத்தை வழியெல்லாம் புலம்பினார். எனக்கும் அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது.

நாங்கள் திரும்பியபோது அம்மா தலையை விரித்துப்போட்டு, முகமெல்லாம் வீங்கி, கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, மணி என்ன என்று கேட்டார். எப்போதும் மணி தெரிந்த அம்மா, என்னிடம் மணி கேட்டார்.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் அத்தை வீட்டுக்கு வந்து, பால்கனியிலிருந்து எடுத்த சூரிய உதயப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். அடுத்த வருஷமாவது நல்ல ரூமாக எடுத்துக்கொண்டு வா என்றார்.

அம்மா படங்களைப் பார்த்தார். "அழகா இருக்கு அண்ணி" என்றார். பிறகு, "அதே ரூம் கிடைச்சா வரேன்."

அப்பா எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கட்டிலுக்கு அடியில், அலமாரியில், திரைக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல் பார்த்தவள் நான். அந்த ரூமில் ஒன்றுமே இல்லை என்று அத்தையிடம் அடித்துச் சொன்னேன்.